படத்தில் இருந்தது

"படத்தில் முந்தியே இருந்திருக்கிறது." மரண வீடுகளில் இப்போது அடிக்கடி காதில் விழும் வசனங்களுள் இதுவும் ஒன்று. எமது பெற்றோரின் காலத்தில் இப்படியொரு வசனத்துக்கு இடமிருக்கவில்லை. ஒருவர் நோயுற்று மௌத்தானால், அந்நோய் அவருடைய உடம்புக்குள் எப்போது புகுந்தது, எத்தனை மாதம் ஒளிந்திருந்தது என்று சொல்வதற்குச் சாட்சி எதுவும் எஞ்சுவதில்லை. இன்று சாட்சி எஞ்சுகிறது. ஒரு வருடத்துக்கு முன்னர் வேறேதோ வருத்தத்துக்காக எடுத்த ஸ்கேன் படம் பெரிய கடதாசி உறையொன்றினுள் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. அதை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கும் ஒரு வைத்தியர் ஓரிடத்தில் விரலை வைத்து "இங்கே பாருங்கள்" என்று சொல்லிவிட்டால் போதும். அதுவரை துக்கமாக மட்டும் இருந்த விடயம் அதற்குப் பிறகு குற்றச்சாட்டாகிவிடுகிறது.

இந்த மாற்றம் நியாயமானதுதானா என்பதே இக்கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி. ஒரு படத்தில் ஓர் அடையாளம் 'இருந்தது' என்று சொல்லும்போது நாம் உண்மையில் எதைச் சொல்கிறோம்? அதைக் காணாமல் விட்டவர் எந்த அளவுக்குப் பொறுப்பாளி? நான் வைத்தியனல்லன், முப்பது வருடங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பித்தவன். எனினும் இது வைத்தியர்கள் மட்டும் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடிய கேள்வியாக எனக்குப் படவில்லை.

இக்கேள்வி மிகக் கூர்மையாக எழுவது சதையிப் புற்றுநோய் விடயத்தில்தான். சதையி என்பது இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை அண்டிக் குறுக்காகக் கிடக்கும் சுரப்பி. தமிழ்நாட்டார் அதைக் கணையம் என்பர். உணவைச் செரிக்கச் செய்யும் சாறும், குருதியில் சீனியின் அளவைக் கட்டுப்படுத்தும் இன்சுலினும் அங்கிருந்தே வருகின்றன. வெளியிலிருந்து கையால் தொட்டு அறிய முடியாத ஆழத்தில் அது இருக்கிறது. அங்கு புற்று தோன்றினால் நீண்டகாலம் நோவில்லை. நோவோ செங்கண்மாரியோ வெளிப்படும்போது, பெரும்பாலும் அது அயலிலுள்ள குருதிக்குழாய்களைப் பற்றியிருக்கும். அல்லது ஈரலுக்குப் பரவியிருக்கும்.

2022இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 510,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே வருடத்தில் ஏறத்தாழ 467,000 பேர் இதனால் இறந்தனர். இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்பதே இந்நோயின் தன்மையைச் சொல்லப் போதுமானது. ஐக்கிய அமெரிக்காவில், நோய் கண்டறியப்பட்டு ஐந்து வருடங்கள் கழிந்தும் உயிரோடிருப்போர் நூற்றுக்கு 13 பேரளவில்தான். ஆனால் கட்டி சதையிக்குள்ளேயே அடங்கியிருந்த நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அத்தொகை 40ஐத் தாண்டுகிறது. ஆகவே எப்போது காண்கிறோம் என்பதில் பெரும்பகுதி தங்கியிருக்கிறது.

காண்பதற்குக் காலம் இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் விஞ்ஞானம் சொல்கிறது. 2010இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இந்நோயால் இறந்தவர்களின் கட்டிகளிலிருந்த மரபணு மாற்றங்களைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டார்கள். முதல் மாற்றம் ஒரு கலத்தில் நிகழ்ந்ததிலிருந்து அது புற்றுக்கலமாக மாறப் பத்து வருடங்களுக்கு மேல் செல்கிறது. அதன்பின் பிற உறுப்புகளுக்குப் பரவும் ஆற்றலைப் பெற இன்னும் ஐந்து வருடங்களாவது ஆகின்றன. திடீரென வந்து மாதக்கணக்கில் ஆளைக் கொண்டுபோவதாக நாம் நினைக்கும் நோய், பதினைந்து வருடங்கள் ஆளோடு கூடவே வாழ்ந்திருக்கிறது. ஆனால் அக்காலத்தின் மிகப் பெரும்பகுதியில் எந்தப் படத்திலும் அது தெரிவதில்லை. தெரியத் தொடங்குவது கடைசி ஓரிரு வருடங்களில் மட்டுமே.

அப்போதும் அது கட்டியாகத் தெரிவது அரிது. சதையியின் நடுவே ஓடும் மெல்லிய கான், வழமையாக மூன்று மில்லிமீற்றர் அளவே இருப்பது, சற்று விரிந்திருக்கும். அந்தக் கான் ஓரிடத்தில் சட்டென்று அறுந்ததுபோல முடியும். அதற்கப்பால் உள்ள இழையம் ஒரு பகுதியில் மட்டும் சுருங்கி மெலிந்திருக்கும். சில கட்டிகள், ஏறத்தாழப் பத்தில் ஒன்று, சுற்றியுள்ள இழையத்தின் அதே சாம்பல் நிறத்திலேயே படத்தில் விழும்; நேராகப் பார்த்தாலும் பிரித்தறிய முடியாது. ஐக்கிய அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்தவர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வொன்று, நோய் கண்டறியப்படுவதற்கு முன்னர் அந்நோயாளர்கள் எடுத்திருந்த பழைய சீ.டீ. படங்களை மீண்டும் வாசித்தது. கண்டறிதலுக்கு 18 மாதங்கள் வரை முந்திய படங்களில் ஏறத்தாழ அரைவாசியில் சந்தேகத்துக்குரிய ஏதோவொன்று இருந்தது. அதற்கும் முந்திய படங்களில் மிகச் சிலவற்றிலேயே இருந்தது.

அரைவாசி என்பது பெரிய தொகை. அந்தத் தொகையை வாசிக்கும்போது எவருக்கும் கோபம் வரும். எங்கள் குடும்பத்திலும் வந்தது.

என் ராத்தாவின் கணவர், எங்கள் மூத்த மச்சான், அறுபத்தொரு வயதில் இந்நோயால் மௌத்தானார். அதற்கு ஒரு வருடத்துக்கு முன்னர் இடது விலாவில் தாங்க முடியாத நோவென்று அவரை ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். கல்லாக இருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்தார்கள். சிறுநீர்க்கானில் சிறு கல்லொன்று இருந்தது. அறிக்கை அதைச் சொன்னது, ஏனைய உறுப்புகளில் குறிப்பிடத்தக்க எதுவுமில்லை என்றும் சொன்னது. கல் கழிந்தது, நோவும் போனது. பத்து மாதங்களின் பின் கண்கள் மஞ்சளாகின. இரண்டாவது ஸ்கேனில் சதையியின் தலைப்பகுதியில் கட்டியும் ஈரலில் பல புள்ளிகளும் இருந்தன. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் முதலாவது படத்தில் ஓரிடத்தைக் காட்டி, "இந்தக் கான் அப்பவே கொஞ்சம் பெருத்திருக்கு" என்றார்.

கத்தம் ஓதி முடிந்த இரவில், தாதிப் பயிற்சி பெறும் என் மருமகள் கேட்டாள்: "மாமா, அவரு பாத்துத்தானே எழுதியிருக்காரு? பொறகு எப்பிடிக் காணாமப் போற?" மூத்தவன் முறைப்பாடு எழுத வேண்டுமென்று நின்றான். பெரியவரொருவர் "ஹயாத்து அவ்வளவுதான், இனி என்னத்தப் பேசுற" என்று முடித்துவைக்கப் பார்த்தார். இரண்டு பக்கத்தையும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்று தோன்றியது. ஒரு வசனம் எல்லோரையும் விடுவித்துவிடுகிறது. மற்றது ஒரே ஒருவர் மீது எல்லாவற்றையும் சுமத்துகிறது. இரண்டுமே மருமகளின் கேள்விக்குப் பதில் தேடாமல் பேச்சை முடித்துவிடுகின்றன. ஹயாத்தை நம்புவதும், எங்கே என்ன பிழைத்தது என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று பகையானவை என்று நான் நினைக்கவில்லை.

அவளுடைய கேள்விக்குள்ளேயே தமிழ் ஒரு விடையை வைத்திருக்கிறது. நாம் "பார்த்தேன், காணவில்லை" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அதில் முரண்பாடு எதுவும் எமக்குத் தோன்றுவதில்லை. பார்ப்பது கண்ணின் வேலை. காண்பதற்கு எதைத் தேடுகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2013இல் வெளியான ஓர் ஆய்வு இதை வைத்தியர்களிடமே சோதித்துப் பார்த்தது. 24 கதிரியக்க நிபுணர்களுக்கு நுரையீரல் ஸ்கேன் படங்களைக் கொடுத்துச் சிறு முடிச்சுகளைத் தேடச் சொன்னார்கள். ஒரு தொகுதிப் படங்களில், அந்த முடிச்சுகளைப் போல 48 மடங்கு பெரிதான கொரில்லா உருவமொன்றைப் பதித்திருந்தார்கள். 24 பேரில் 20 பேர் அதைக் காணவில்லை. கண்ணசைவைப் பதிவுசெய்த கருவி, அவர்களுள் பலருடைய பார்வை நேராக அதன் மேலேயே விழுந்து சென்றதைக் காட்டியது. அவர்கள் சோம்பேறிகளோ கவனயீனர்களோ அல்லர். தேடச் சொன்னதைத் தேடினார்கள், அவ்வளவுதான்.

மச்சானின் முதற்படத்தை வாசித்தவருக்கும் தேடச் சொன்னது கல்லை. கல்லுக்காக எடுக்கும் ஸ்கேனில் குருதிக்குழாயில் மருந்து ஏற்றுவதில்லை. அப்படி ஏற்றாமல் எடுக்கும் படத்தில் சதையிக்குள் உள்ள வேறுபாடுகள் மங்கலாகவே தெரியும்.

இரண்டாவது விடயம் முடிவு தெரிந்த பின் பார்ப்பது. இதைப் பற்றி 1975இல் பரூக் ஃபிஷ்ஹொஃப் என்ற உளவியலாளர் செய்த பரிசோதனை புகழ்பெற்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியருக்கும் நேபாளத்துக் கூர்க்காக்களுக்கும் நடந்த போரைப் பற்றிய விபரத்தை ஆட்களுக்கு வாசிக்கக் கொடுத்தார். ஒரு சாராரிடம் பிரித்தானியர் வென்றதாகவும் இன்னொரு சாராரிடம் கூர்க்காக்கள் வென்றதாகவும் சொன்னார். பின்னர், முடிவு தெரியாதிருந்தால் எதை எதிர்பார்த்திருப்பீர்கள் என்று கேட்டார். தமக்குச் சொல்லப்பட்ட முடிவையே தாம் எதிர்பார்த்திருக்கக் கூடியதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். ஒரே விபரத்தில் அவரவர் தத்தம் முடிவுக்கான அறிகுறிகளைக் கண்டிருக்கிறார்கள்.

சிறுகதை படிப்பித்த எனக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. ஒரு நல்ல கதையை இரண்டாம் முறை வாசிக்கும்போது, முடிவு முதற் பக்கத்திலேயே எழுதப்பட்டிருப்பது போலிருக்கும். முதல் வாசிப்பில் அதைக் கவனிக்காத மாணவனை யாரும் மக்கு என்று சொல்வதில்லை. மச்சானின் இரண்டு படங்களையும் பார்த்த நிபுணர் இதை நேர்மையாகவே சொன்னார்: "இப்ப தெரியுது. அண்டைக்கு எனக்குத் தந்திருந்தா நானும் இப்பிடித்தான் எழுதியிருப்பன்." அந்த வசனத்தில் சக தொழிலாளியைக் காப்பாற்றும் எண்ணமும் கலந்திருக்கலாம் என்று மூத்தவன் சொன்னான். இருக்கலாம். ஆனால் அதனால் மட்டும் அது பொய்யாகிவிடாது.

அப்படியானால் ஒருவருமே பொறுப்பில்லையா? அந்த முடிவுக்கும் என்னால் போக முடியவில்லை. காணாமற் போனவை எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவையல்ல. எந்தக் கண்ணாலும் காண முடியாதது ஒரு வகை. அதற்கு எவரையும் குறைசொல்ல முடியாது. பயிற்சி பெற்ற எவரும் கண்டிருக்க வேண்டியது இன்னொரு வகை. கான் பத்து மில்லிமீற்றர் விரிந்து கிடக்கையில் "குறிப்பிடத்தக்க எதுவுமில்லை" என்று ஒருவர் எழுதினால் அது தவறுதான், அதை மூடிமறைக்கக் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வகையொன்று உண்டு. அதைத் தேடும்படி சொல்லப்பட்டிருந்தால் கண்டிருக்கக் கூடியது. பெரும்பாலான சம்பவங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை என்றே நினைக்கிறேன். இங்கேதான் கேள்வி படத்தை வாசித்தவரை விட்டு விலகி, அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்களிடம் வருகிறது.

மச்சானின் விடயத்தைப் பாருங்கள். ஸ்கேன் எடுப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னர் அவருக்குச் சீனி வருத்தம் இருப்பதாக வேறொரு கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அது அந்தக் கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருந்தது. எங்கள் ஊரில் அறுபது வயதில் சீனி வருவது யாருக்கும் அதிசயமில்லை, வராவிட்டால்தான் அதிசயம். அதே காலத்தில் அவர் மெலிந்துகொண்டும் வந்தார். பள்ளிவாசல் முற்றத்தில் கண்டவர்கள் "நல்லா வத்தியிருக்கீங்க, நடக்கிறயோ?" என்று மெச்சினார்கள். மெலிவு வீட்டுக்குத் தெரிந்திருந்தது. சீனி கிளினிக்குக்குத் தெரிந்திருந்தது. கானின் விரிவு படத்தில் இருந்தது. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த துண்டில் வயதும் "இடப்பக்க நோ, கல்லா?" என்பதும் மட்டுமே இருந்தன. தனித்தனியாக எதுவுமே அச்சந்தரும் விடயமில்லை. மூன்றும் ஒரே மேசைக்கு வரவில்லை என்பதுதான் நடந்தது.

மூன்றும் சேர்ந்தால் என்ன பொருள் என்பது வைத்திய உலகுக்குத் தெரியாததல்ல. ஐம்பது வயதுக்குப் பிறகு புதிதாகச் சீனி வருத்தம் தோன்றியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு மூன்று வருடங்களுக்குள் சதையிப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது என்று 2005இலேயே மேயோ ஆய்வாளர்கள் எழுதியிருந்தார்கள். சாதாரணமாக இவ்வகைச் சீனி வரும்போது ஆள் பருத்திருப்பார். மெலிந்துகொண்டே சீனி ஏறுமானால் அது வேறு கதையாக இருக்கலாம்.

ஜப்பானில் ஹிரோஷிமாப் பிராந்தியத்திலுள்ள ஒனோமிச்சி என்ற நகரில் 2007இல் தொடங்கிய ஏற்பாடு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. அங்கே ஊர் வைத்தியர்கள், புதிதாகச் சீனி வந்தவர்கள், குடும்பத்தில் இந்நோய் இருந்தவர்கள், புகைப்பவர்கள் என்று ஒன்றுக்கு மேற்பட்ட ஆபத்துக் காரணிகள் உள்ளோரைக் கவனித்து, தமது கிளினிக்கிலேயே வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் செய்து பார்க்கிறார்கள். கான் விரிந்திருந்தாலோ சிறு நீர்க்கட்டி தெரிந்தாலோ நகரின் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புகிறார்கள். ஆரம்ப நிலையில் கண்டறியப்படுவோர் தொகை அங்கு கூடியது. பெரிய இயந்திரமொன்றைக் கொண்டுவந்து அவர்கள் இதைச் சாதிக்கவில்லை. ஊர் வைத்தியருக்குத் தெரிந்ததைப் பெரிய வைத்தியசாலைக்கும் தெரியச் செய்தார்கள்.

"அப்ப எல்லாருக்கும் வருசா வருசம் ஸ்கேன் எடுத்தா என்ன?" என்று மருமகள் கேட்டாள். நியாயமாகத் தோன்றும் இக்கேள்விக்கு எண்களைக் கொண்டே பதில் சொல்ல வேண்டும். ஓர் இலட்சம் பேரைச் சோதிப்பதாகவும், அவர்களுள் 30 பேருக்கு மட்டும் நோய் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். எமது சோதனை, நோயற்றவர்களில் நூற்றுக்கு 99 பேரைச் சரியாக நோயற்றவர் என்று சொல்லக் கூடிய அருமையான சோதனை என்றும் கொள்வோம். அப்படியிருந்தும் ஏறத்தாழ 1,000 சுகதேகிகளை அது நோயாளிகளென்று காட்டும். அந்த ஆயிரம் பேருக்கும் மேலும் ஸ்கேன், வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தல், ஊசியால் இழையம் எடுத்தல், சிலருக்குச் சத்திரசிகிச்சை. சதையியின் தலைப்பகுதியை அகற்றும் சத்திரசிகிச்சையில் முன்சிறுகுடலும் பித்தப்பையும் பித்தக்கானின் ஒரு பகுதியும் சேர்ந்தே போகின்றன. சதையி முழுவதையும் எடுத்தால் அன்றிலிருந்து ஆயுள் முழுவதும் சீனி நோயாளி. ஒன்றுமில்லாத ஒருவருக்கு இதைச் செய்துவிட்டு, முன்கூட்டியே கண்டோம் என்று மகிழ முடியாது. நோய்க்குறி எதுவுமில்லாத பொதுமக்களுக்கு இந்நோய்க்கான சோதனை வேண்டாம் என்ற தன் பழைய நிலைப்பாட்டை ஐக்கிய அமெரிக்காவின் நோய்த்தடுப்புச் சேவைகளுக்கான செயலணி 2019இல் மீண்டும் உறுதிசெய்தமைக்கு இதுவே காரணம்.

படம் எப்படி ஏமாற்றும், எப்படி உதவும் என்பதற்கு ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்ற நீதியரசர் ரூத் பேடர் கின்ஸ்பர்க்கின் வரலாறு நல்ல உதாரணம். 1999இல் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து மீண்ட அவர், பின்னர் ஒழுங்காகப் பரிசோதனை செய்துவந்தார். 2009இன் தொடக்கத்தில் எடுத்த ஸ்கேனில், சதையியின் நடுவே ஒரு சென்ரிமீற்றர் அளவான புள்ளி தெரிந்தது. சத்திரசிகிச்சை செய்து அப்பகுதியை அகற்றிச் சோதித்தபோது, படத்தில் தெரிந்த அந்தப் புள்ளி தீங்கற்றதென்று தெரியவந்தது. ஆனால் அகற்றிய துண்டில் அதைவிடச் சிறியதாக இன்னொரு கட்டி இருந்தது. எந்தப் படத்திலும் விழாத அதுவே புற்று. படத்தில் கண்டது பிழை. கண்டதனால் கிடைத்தது உண்மை. அவர் மேலும் பதினொரு வருடங்கள் வாழ்ந்து, சதையிப் புற்றின் பாதிப்பினாலேயே 2020இல் காலமானார். அந்தப் பதினொரு வருடங்களை எவருடைய திறமைக்கு வரவு வைப்பது? எவரையும் குற்றவாளியாக்குவதில் எமக்கு எவ்வளவு தயக்கம் வேண்டுமோ, அவ்வளவு தயக்கம் வெற்றியை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதிலும் வேண்டும்.

இப்போது கணினிகளும் இந்த வேலைக்கு வந்துவிட்டன. மேயோ ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், நோய் கண்டறியப்படுவதற்கு 3 முதல் 36 மாதங்களுக்கு முன்னர் எடுக்கப்பட்ட 155 பேரின் படங்கள் கணினிக்குக் கொடுக்கப்பட்டன. நிபுணர்களின் கண்கள் தடுமாறிய அப்படங்களை, சுகதேகிகளின் படங்களிலிருந்து கணினி மிகச் சரியாகப் பிரித்தது. 2023இல் சீன ஆய்வாளர்கள், மருந்து ஏற்றாமல் எடுக்கும் சாதாரண ஸ்கேனிலேயே இந்நோயைக் கண்டறியும் முறையொன்றை வெளியிட்டனர். 20,000இற்கும் மேற்பட்டோரில் சோதித்தபோது, நோயற்றவர்களை ஆயிரத்துக்கு 999 என்ற அளவில் சரியாக விலக்கியது என்கிறார்கள். அந்த அளவு செம்மையிருந்தும், மேலே சொன்ன ஓர் இலட்சம் பேரில் அது ஏறத்தாழ 130 பேரை அழைக்கும். அவர்களுள் 100 பேர் சுகதேகிகள்.

இங்கே புதிதாக ஓர் அறச்சிக்கல் பிறக்கிறது. "உங்கள் சதையியில் ஆபத்து இருக்கிறது" என்று கணினி சொல்கிறது. "எங்கே?" என்று நோயாளி கேட்கிறார். வைத்தியரால் விரல் வைத்துக் காட்ட முடியாது. அவருடைய கண்ணுக்கும் ஒன்றும் தெரிவதில்லை. வெட்டுவதற்குக் கட்டியில்லை, சும்மா இருப்பதற்கு மனமில்லை. அந்த மனிதர் அடுத்த மூன்று வருடங்களைக் கடையில் எப்படி இருந்து கழிப்பார், மகளின் கலியாணத்தை எப்படிப் பேசுவார்? இருந்தும் எனக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டால், சொல்ல வேண்டுமென்றே நான் சொல்வேன். என் உடம்பைப் பற்றி என்னைவிட இன்னொருவர் கூடுதலாக அறிந்து வைத்துக்கொண்டு மௌனமாக இருப்பதை நான் விரும்பவில்லை. ஆனால் சொல்பவர் சொல்லிவிட்டு எழுந்து போகக் கூடாது. எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும், யார் பார்ப்பார், எந்த நிலையில் நிறுத்தலாம் என்பவற்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்தொடராத முன்னறிவிப்பு ஆளை நோவிக்கத்தான் உதவும்.

இவையெல்லாவற்றையும் வாசித்த பின் எனக்கு மிகவும் உறைத்த விடயம் வேறொன்று. கான் விரிவதும், அறுந்ததுபோல் முடிவதும், இழையம் சுருங்குவதும் ஆரம்ப அறிகுறிகள் என்று உலகம் எப்படி அறிந்தது? இறந்தவர்களின் பழைய படங்களிலிருந்து. நோய் வெளிப்பட்ட பிறகு, அதற்கு முந்திய படங்களைத் தேடியெடுத்து, அன்று எவரும் காணாததை ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள். அப்படிக் குறித்ததே இன்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கணினி படித்ததும் அந்தப் படங்களைத்தான். ஓர் அறிகுறி முதன்முதலாக எவருடைய உடம்பில் தோன்றியதோ, அவருக்கு அது உதவவில்லை; உதவியிருக்கவும் முடியாது. அவருடைய முடிவுதான் அந்த நிழலுக்குப் பொருளைக் கொடுத்தது. அவருடைய படத்தை வாசித்தவரிடம் "ஏன் காணவில்லை?" என்று கேட்பது, அந்த மரணம் பின்னால் கற்றுத்தரப்போகும் பாடத்தை அவர் முன்னாலேயே படித்திருக்க வேண்டுமென்று கேட்பதாகும்.

ஆனால் பாடம் எழுதப்பட்ட பின்னர் அந்தச் சமாதானம் செல்லாது. இன்று அது எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே காணாமல் விடுவதற்கான மன்னிப்பு வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே போக வேண்டும். குறையாவிட்டால் அந்த இறந்தவர்களின் கடனை நாம் தீர்க்கவில்லை என்பதே பொருள். கடனில் பங்கு வைத்தியருக்கு மட்டுமல்ல. ஸ்கேனுக்குத் துண்டு எழுதுபவர், புதிதாக வந்த சீனியையும் மெலிவையும் அதில் இரண்டு சொல்லில் எழுதலாம். படத்தை வாசிப்பவர், பழைய படம் இருக்கிறதா என்று கேட்கலாம். நாம் பழைய படங்களை வீடு வெள்ளையடிக்கும்போது குப்பையோடு எறியாமல், கிளினிக் கொப்பியோடு சேர்த்து வைத்து, அடுத்த முறை கையோடு கொண்டுபோகலாம். காரணமில்லாமல் மெலிந்து வருபவரைக் கண்டு மெச்சுவதற்கு முன்னர், சீனி பார்த்தீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

மூத்தவன் முறைப்பாட்டை எழுதத்தான் செய்தான். நான் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய காரணமும் எனக்குத் தெரியவில்லை. கேட்பது அவனுடைய உரிமை. எவரைத் தண்டிக்க வேண்டும் என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு, அந்தத் துண்டில் ஏன் ஒரு வரி மட்டும் எழுதப்பட்டது, வேறு கிளினிக்கில் தெரிந்த விடயம் அங்கு ஏன் வரவில்லை, இனி வருவதற்கு என்ன செய்வார்கள் என்ற மூன்று கேள்விகளையும் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தான். இரண்டு படங்களின் பிரதிகளையும், படிப்பிப்பதற்குப் பயன்படுத்தலாம் என்ற சம்மதத்தையும் ராத்தா தானாகவே கூட வைத்தாள். பதில் இன்னும் வரவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு மாணவராவது அந்தக் கானின் அகலத்தை மனதில் பதித்துக்கொள்வாரானால், நாளைக்கு இன்னொரு வீட்டில் "படத்தில் இருந்தது" என்ற வசனத்தோடு "கண்டுபிடித்துவிட்டார்கள்" என்ற சொல்லும் சேர்ந்து வரக்கூடும்.